கார் கூரையில் கயாக்: பெல்ட் அவிழவில்லை, ரெயிலே கழன்று வந்தது

#1 உப்பங்கழி · ஞாயிறு, இரவு 9.52

வணக்கம். ஆறு மாதமாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது இன்று மதியம் நடந்த கூத்து.

வீட்டில் இரண்டு கயாக், அதாவது துடுப்புப் படகு இருக்கின்றன. என்னுடையது 12 அடி, 28 கிலோ. மச்சானுடையது 10 அடி, 22 கிலோ. இரண்டுமே மேலே உட்கார்ந்து துடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் ரகம். கார், நான்கு மீட்டருக்குள் அடங்குகிற சின்ன எஸ்யூவி. கூரையின் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் வெள்ளி நிற ரெயில் (கம்பி) வாங்கும்போதே இருந்தது. அதைக் கவ்விக்கொள்ளும் கிராஸ் பார், அதாவது குறுக்குக் கம்பி, இரண்டு ஆன்லைனில் வாங்கிப் பொருத்தினேன். படகுகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்து, பல்சக்கரக் கைப்பிடியால் இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு போட்டு, கைப்பிடி இதற்கு மேல் அசையாது என்கிற வரைக்கும் இறுக்கினேன். முன்னாலும் பின்னாலும் கயிறு எதுவும் கட்டவில்லை.

காலையில் பழவேற்காடு போகும்போது ஒன்றும் ஆகவில்லை. ஏரியில் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு, மீன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பினோம். பொன்னேரி சாலையில் எதிரே ஒரு பஸ் பறந்து வந்து கடந்தது. அந்தக் காற்றில் வண்டியே ஒரு குலுங்கு குலுங்கியது. அடுத்த நூறு அடியில் பெயிண்ட் அடிக்காத வேகத்தடை. ஏறி இறங்கியதும் தலைக்கு மேல் 'டக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் படகின் மூக்கு என் பக்கத்து சைடு மிரருக்கு நேர் மேலே வந்து நிற்கிறது.

இறங்கிப் பார்த்தேன். பெல்ட் போட்ட இறுக்கம் அப்படியே இருக்கிறது. கிராஸ் பாரின் பிடி ரெயிலை விடவில்லை. ரெயில்தான் கூரையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பி நிற்கிறது! அடியில் எட்டிப் பார்த்தால் உடைந்த பிளாஸ்டிக் கிளிப்.

வேறு வழி தெரியவில்லை. படகுகளின் மேல் நைலான் கயிற்றைப் போட்டு, மச்சான் பின் சீட்டில் உட்கார்ந்து இரண்டு ஜன்னல் வழியாகவும் கையால் பிடித்துக்கொள்ள, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம். திட்டுவீர்கள் என்று தெரியும்.

என் கேள்விகள்: ரெயில் ஏன் கழன்றது? ராட்செட் சரியா? முன், பின் கயிறு கட்டாயமா? அடுத்த மாதம் பிச்சாவரம் போகத் திட்டம் இருக்கிறது, அதற்குள் சரி செய்ய வேண்டும்.

#2 வண்டிக்காரன் · ஞாயிறு, இரவு 10.20

திட்டத்தான் போகிறேன். கையால் பிடித்துக்கொண்டு வந்தது கட்டாமல் வந்ததை விட மோசம். ஐம்பது கிலோ படகு நகர ஆரம்பித்தால் உங்கள் மச்சான் கயிற்றை விட வேண்டும், இல்லையென்றால் கையை விட வேண்டும். அடுத்த தடவை ஓரமாக நிறுத்தி, படகை இறக்கி வைத்துவிட்டு, ஒரு குட்டி யானை மினி லாரிக்குப் போன் பண்ணுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒர்க் ஷாப் வைத்திருப்பவன் என்பதால் இந்த ரெயில் கதையை மாதம் ஒரு தடவையாவது பார்க்கிறேன். நம் ஊரில் விற்கும் சின்னக் கார்களில் நிறைய மாடல்களுக்கு அது வெறும் அழகுக்கு வைத்தது. கூரையில் கிளிப்பும் ஒட்டுப் பசையும்தான் அதைப் பிடித்திருக்கும். சுமை தாங்குகிற ரெயில் என்றால் கூரையின் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறக்கியிருப்பார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கையால் ஆட்டிப் பார்த்து ஆடினால் நிச்சயம் அலங்காரம். ஆடாவிட்டால் தாங்கும் என்று அர்த்தமில்லை! காரோடு வந்த கையேட்டில் கூரைச் சுமை எத்தனை கிலோ என்று போட்டிருக்கும். போடாமல் விட்டிருந்தாலோ, ரெயிலில் எதையும் கட்டாதே என்று போட்டிருந்தாலோ அதோடு விட்டுவிட வேண்டும்.

கையேட்டைப் புரட்டி அந்த எண்ணைச் சொல்லுங்கள், பேசலாம்.

#3 ஈசிஆர் காற்று · ஞாயிறு, இரவு 10.31

குட்டி யானை வாடகை எவ்வளவு ஆகும்?

#4 உப்பங்கழி · திங்கள், காலை 7.05

கையேட்டில் 50 கிலோ என்று இருக்கிறது. படகுகளும் சரியாக 50 கிலோதான். கணக்கு உதைக்கவில்லையே?

கையேட்டின் அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது: "கூரை ரெயில் அலங்காரத்துக்கு மட்டும்." மூன்று வருடமாக டேஷ்போர்டு டிராயரில் என்னோடு பயணம் செய்த புத்தகம் அது. கேரியர் வேண்டும் என்றால் கதவுச் சட்டத்தில் மாட்டும் வகை போடச் சொல்கிறார்கள்.

#5 வண்டிக்காரன் · திங்கள், காலை 9.40

உதைக்கிறது. 50 கிலோ என்பது படகுக்கு மட்டும் இல்லை. கிராஸ் பார், அதன் கால்கள், படகை உட்கார வைக்கும் தொட்டில், பெல்ட், கூரைக்கு மேல் இருக்கும் அத்தனையும் சேர்த்து. உங்கள் பார் இரண்டும் ஐந்து கிலோவுக்குக் குறையாது. அப்புறம் ஒன்று: திரும்பும்போது படகுக்குள் தண்ணீர் எவ்வளவு இருந்தது?

#6 உப்பங்கழி · திங்கள், காலை 9.58

தண்ணீரா? இது மூடிய படகு. உள்ளே எப்படி வரும்?

#7 துடுப்புக்காரன் · திங்கள், மதியம் 1.15

வரும் சார். மேலே உட்காரும் ரகம் என்றால் உள்ளே வெற்றிடம். மூடியின் ரப்பர், துடுப்பு மாட்டும் திருகு, இருக்கை கொக்கி, எங்கேயிருந்தாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மூன்று மணி நேரத்தில் நாலைந்து லிட்டர் உள்ளே போவது சாதாரணம், அதாவது நாலைந்து கிலோ. அது சும்மா கிடக்கிற எடையும் இல்லை. பிரேக் போட்டால் முன்னால் ஓடும், ஏற்றத்தில் பின்னால் ஓடும். முனையில் ஒரு திருகு மூடி இருக்கும் பாருங்கள், கரைக்கு வந்ததும் அதைத் திறந்து படகைச் சாய்த்து வடித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். ஏற்றிய பிறகு மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ராட்செட். இங்கே நூறு தடவை எழுதியாகிவிட்டது, இருந்தாலும் எழுதுகிறேன். ராட்செட் பெல்ட் இரும்புப் பெட்டியை லாரியில் கட்டுவதற்கு வந்தது. ஒரு கையால் கைப்பிடியை ஆட்டினாலே நூற்றுக்கணக்கான கிலோ இழுவை வரும். எவ்வளவு வந்தது என்று கைக்குத் தெரியாது. பிளாஸ்டிக் படகு குழி விழும், ஃபைபர் படகு விரிசல் விடும். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. நீங்கள் இறுக்க இறுக்க அந்தப் பார் வளைந்து ரெயிலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். பஸ் காற்றும் வேகத்தடையும் கடைசித் தட்டு மட்டும்தான் தட்டின.

வாங்க வேண்டியது கேம் பக்கிள் பெல்ட். பல் வைத்த ஒரு சின்ன இரும்பு நாக்கு, ஸ்பிரிங்கில் அழுந்திப் பெல்ட்டைக் கவ்வும். கையால் இழுத்தால் இறுகும், நாக்கை அமுக்கினால் விடும். உங்கள் கை பலத்துக்கு மேல் இறுகாது, அதுதான் அதன் நல்ல குணம். ஒரு அங்குல அகலம், பாலியெஸ்டர் துணியாகப் பார்த்து வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும். வீட்டில் கட்டும்போது கம்பி மாதிரி இருந்தது, மழைக்குப் பிறகு தொட்டில் துணி மாதிரி தொங்கும்.

போடும் விதம்: பக்கிள் இருக்கும் முனையைத் தூக்கி அந்தப் பக்கம் எறியாதீர்கள். என் கார்க் கண்ணாடியில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது, அது அப்படி வந்ததுதான். பக்கிளை இந்தப் பக்கம் கையில் வைத்துக்கொண்டு, நீள முனையைப் படகுக்கு மேல் போடுங்கள். அந்தப் பக்கம் போய் அதைப் பாருக்கு அடியில் விட்டு எடுத்து, மறுபடி படகுக்கு மேல் இந்தப் பக்கம் போடுங்கள். இங்கே வந்து இந்தப் பக்கத்துப் பாருக்கு அடியில் விட்டு மேலே கொண்டு வந்து பக்கிளில் நுழைத்து இழுங்கள். பெல்ட் எப்போதும் பாரின் காலுக்கு உள்பக்கம், படகை ஒட்டி இறங்க வேண்டும். தள்ளி இறங்கினால் படகு அந்த இடைவெளிக்கு நகரும், நகர்ந்த உடனே பெல்ட் தொய்யும். பக்கிளுக்குக் கீழே ஒரு துணியோ பழைய டியூப் துண்டோ வையுங்கள்.

கடைசிச் சோதனை: படகின் மூக்கைப் பிடித்து ஆட்டுங்கள். கார் சேர்ந்து ஆட வேண்டும். படகு மட்டும் ஆடினால் மறுபடி கட்டுங்கள்.

#8 பழைய இரும்பு · திங்கள், இரவு 8.44

பெல்ட், பக்கிள், நாக்கு என்று காசைக் கொட்டச் சொல்கிறீர்கள். என் அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டினார். வைக்கோல் பாரத்தைக் கயிற்றில் கட்டி மலை ஏற்றினார். ஒரு கட்டு விழுந்ததில்லை. உலகமே நம் கட்டுமரத்தின் பேரைத்தான் கேட்டமரன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. மரத்தைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குப் போன ஊரில், 28 கிலோ பிளாஸ்டிக்கைக் கட்ட ஆன்லைன் பெல்ட்டா?

லாரிக்காரர் இழுப்பு தெரிந்தால் போதும். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போடு. முனையைக் கீழே கொக்கியில் விட்டுத் திருப்பி, அதே கண்ணிக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழு. ஒரு ஆள் இழுக்கிற இழுப்பு இரண்டு ஆள் இழுப்பு ஆகிவிடும். இழுத்த இடத்தை விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு இரண்டு அரை முடிச்சு. முடிந்தது.

#9 துடுப்புக்காரன் · திங்கள், இரவு 9.10

அண்ணே, முடிச்சில் எனக்குச் சண்டை இல்லை. படகின் வயிற்றுக்குக் குறுக்கே கயிறு போடுவதுதான் சிக்கல். மெல்லிய கயிறு ஒரே கோட்டில் அழுத்தும், மே மாத வெயிலில் பிளாஸ்டிக் இளகியிருக்கும்போது கத்தி மாதிரி பதியும். பட்டையான பெல்ட் அழுத்தத்தைப் பரப்பிவிடும். குறுக்கே பெல்ட், முன்னும் பின்னும் உங்கள் கயிறு. இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது.

#10 பழைய இரும்பு · திங்கள், இரவு 9.22

அப்படிச் சொன்னால் சரி.

#11 ஸ்கார்பரோ தமிழன் · செவ்வாய், காலை 6.30

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே கோடை வந்தால் ஒவ்வொரு இரண்டாவது வாகனத்திலும் ஒரு படகு இருக்கும், ஆகவே விழுந்த படகும் நிறையப் பார்த்தாயிற்று. உப்பங்கழித் தம்பிக்கு முன் கயிறு பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். வெட்கக் கதைதான்.

நானும் என் நண்பரும் அல்கொன்குயின் பார்க்குக்கு 14 அடிப் படகு ஒன்றுடன் போனோம். குறுக்கே இரண்டு பெல்ட், முன்னால் ஒரு கயிறு. முன் பம்பருக்குக் கீழே இருந்த இழுவைக் கொக்கியில் கயிற்றை மாட்டிப் படகின் மூக்குக்கு இழுத்துக் கட்டினேன். வடிவாகத்தான் கட்டினேன் என்று நினைத்தேன். ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு கயிறு மெல்லத் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த கயிறு கீழே தொங்கி முன் சக்கரத்துக்குள் போய்விட்டது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியதும் படகின் மூக்கைப் பிடித்து ஒரே இழுவை. கண் முன்னாலேயே பொனட்டில் படகின் மூக்கு மடார் என்று இறங்கியது. கயிறு அறுந்ததால் பிழைத்தோம். படகின் முன் பிடி இரண்டு திருகோடும் பிய்ந்து போயிருந்தது. பொனட்டில் விழுந்த மடிப்பைப் போன வருடம் வாகனத்தை விற்கும் வரை தினமும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கற்றது இதுதான். கயிறு சக்கரத்தை எட்டவே கூடாது. அதற்காகப் பொனட்டுக்கு உள்ளிருந்து வரும் பட்டைக் கண்ணி போடுவோம். பொனட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகட்டை (ஃபென்டர்) பிடித்திருக்கும் போல்ட் வரிசை தெரியும். ஒரு சாண் நீளப் பெல்ட் துணியை இரண்டாக மடித்து, இரண்டு முனையிலும் சூடான ஆணியால் துளை போட்டு, அந்தத் துளைகளை ஒன்றாகச் சேர்த்து வாஷரோடு அந்த போல்ட்டில் முறுக்கி விட வேண்டும். பொனட்டை மூடும்போது கண்ணியை வெளியே எடுத்து விட்டால் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு காது மாதிரி நிற்கும். தேவை இல்லாதபோது உள்ளே மடித்து வைக்கலாம். இரண்டு காதிலிருந்தும் படகின் மூக்குக்குக் கயிறு போனால் கவிழ்த்த 'வி' வடிவம் வரும். பக்கவாட்டுக் காற்றுக்கு ஒற்றைக் கயிறு தராத பிடிப்பை அது தரும். அளவாகக் கட்டினால் கயிறு தளர்ந்தாலும் சக்கரத்துக்கு எட்டாது.

முன் கயிற்றை முறுக்கி இழுக்க வேண்டாம். தொய்வு இல்லாமல் இருந்தால் காணும். இழுத்தால் மூக்குக் கீழே வளையும், பெல்ட்டும் தளரும்.

இன்னொரு விஷயம், ஒன்டாரியோவில் சுமை பின்னால் ஒன்றரை மீட்டர் அல்லது அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு போட வேண்டும் என்பது சட்டம். உங்கள் பக்கம் என்ன முறை?

#12 மீட்டர் · செவ்வாய், காலை 10.02

நம் பக்கம் பின்னால் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம், கட்டியே விடுங்கள். ஆனால் துணி கட்டினால் எவ்வளவும் நீட்டலாம் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194(1ஏ) பிரிவு, அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கத்திலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய் என்கிறது. இறக்கி வைக்கிற செலவும் நம் தலையில். உங்கள் 12 அடிப் படகு 3.65 மீட்டர்தான், காரோ கிட்டத்தட்ட நான்கு மீட்டர். நடுவில் வைத்தால் நீட்டலே பெரிதாக வராது. 14 அடி வாங்க ஆசை வந்தால் அப்போது யோசியுங்கள்.

#13 கணக்கு வாத்தியார் · செவ்வாய், மாலை 5.18

பஸ் கடந்ததும் ஏன் குலுங்கியது என்று யாரும் சொல்லவில்லையே. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 40 கிலோமீட்டரில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஏழரை கிலோ, 80-ல் முப்பது கிலோ, 100-ல் நாற்பத்தேழு. நீங்கள் 80-ல் போகும்போது எதிர்க்காற்று 30-ல் வீசினால் படகு உணர்வது 110-ஐ. அழுத்தம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. வேகமானியில் முள் அசைந்திருக்காது.

உங்களுக்கு இதைவிட முக்கியமானது நெம்பு. சின்னக் கார் என்பதால் உங்கள் இரண்டு பாருக்கும் இடையே எழுபது சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். படகு மூன்றரை மீட்டருக்கு மேல். படகின் மூக்கை ஐந்து கிலோ விசையில் பக்கவாட்டில் தள்ளினால், முன் பாரில் அது பதினைந்து கிலோவாகவும் பின் பாரில் எதிர்த்திசையில் பத்து கிலோவாகவும் இறங்கும். சின்னப் பையன் தள்ளுகிற ஐந்து கிலோ! அதனால்தான் முன் கயிறு. அது நெம்புகோலின் நுனியிலேயே பிடிக்கிறது, ஐந்துக்கு ஐந்துதான் தாங்க வேண்டும். பார்களை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். அறுபது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நான் படகு ஏற்ற மாட்டேன்.

பலமாக பிரேக் அடித்தால் 28 கிலோ படகு இருபது கிலோ விசையில் முன்னே பாயும். குறுக்குப் பெல்ட் அதை உராய்வால் மட்டுமே தடுக்கிறது. முன்னே போகாமல் இழுத்துப் பிடிப்பது பின் கயிறு. ஆக, பின் கயிற்றையும் விடாதீர்கள்.

#14 ஈசிஆர் காற்று · செவ்வாய், மாலை 6.00

10 அடிப் படகுக்கு எல்லாம் முன் கயிறு தேவையில்லை என்று படகு விற்றவர் சொன்னாரே? நான் இரண்டு வருடமாகக் கட்டுவதில்லை, ஒன்றும் ஆகவில்லை.

#15 துடுப்புக்காரன் · செவ்வாய், மாலை 6.25

விற்கிறவருக்குக் கயிற்றில் லாபம் இல்லை. பத்தடிக்கு, ஊருக்குள் மெதுவாகப் போனால் நானும் விட்டதுண்டு. ஆனால் உங்கள் பேரிலேயே காற்று இருக்கிறது! மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும். மரக்காணம் உப்பளம் பக்கம் தடுக்க ஒரு மரம் கிடையாது, பக்கவாட்டில் வந்து அறையும். பிச்சாவரம் போகிறவருக்கு அந்த வழிதான். இரண்டு நிமிட வேலைக்கு ஏன் கணக்குப் பார்க்கிறீர்கள்?

#16 ஈசிஆர் காற்று · செவ்வாய், மாலை 6.31

கட்டுகிறேன், விடுங்கள். குட்டி யானை வாடகை யாரும் சொல்லவில்லை.

#17 உப்பங்கழி · புதன், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. வண்டிக்காரன் அண்ணன் ஒர்க் ஷாப் பக்கம்தான் என்பது தெரிந்து நேரிலேயே போய்விட்டேன். பழைய ரெயிலைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கதவுச் சட்டத்தில் கொக்கி மாட்டி இறுக்குகிற கால் வைத்த பார் வாங்கியாயிற்று. என் கார் மாடலுக்கென்றே தனியாக வரும் கொக்கித் தொகுப்பு. கதவைத் திறந்து அளவு பார்த்து, முன்பார் எங்கே, பின்பார் எங்கே என்று மாஸ்க்கிங் டேப்பில் குறி போட்டுக் கொடுத்தார். இரண்டுக்கும் இடையே 72 சென்டிமீட்டர். வாத்தியார் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

எடைக் கணக்கு: பார் ஐந்தரை கிலோ, என் படகு 28, பெல்ட் கயிறு ஒரு கிலோ. முப்பத்தைந்துக்குள் முடிகிறது. மச்சான் படகையும் ஏற்றினால் 50 தாண்டிவிடும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, பாருக்கும் படகுக்கும் நடுவில் என்ன வைப்பது? விலை கேட்டால் தொட்டில் ஒரு ஜோடி படகு விலையில் கால்வாசி. இரண்டு, போன வாரம் ராட்செட் அழுத்திய இடத்தில் இரண்டு குழி விழுந்திருக்கிறது. போகுமா?

#18 துடுப்புக்காரன் · புதன், இரவு 9.02

ஏசி மெக்கானிக் கடையில் செம்புக் குழாய்க்கு மாட்டுகிற கறுப்பு ஃபோம் குழல் கேளுங்கள். பாரின் தடிமனுக்குப் பொருந்துவதாகப் பார்த்து, நீளவாக்கில் கீறி, பாரில் மாட்டி, மேலே பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிவிடுங்கள். ரப்பர் வழுக்காது, ஃபோம் குத்தாது. உங்கள் ரகப் படகுக்குக் கவிழ்த்து வைப்பதே நல்லது. மேல்தட்டின் ஓரம்தான் அதன் கெட்டியான இடம், அடிவயிறு இளகிய இடம். மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது. கவிழ்ப்பதற்கு முன்னால் இருக்கை, தூண்டில் கோல், கழலக்கூடியது எல்லாவற்றையும் எடுத்து டிக்கியில் போடுங்கள். என் இருக்கை ஒன்று மாமல்லபுரம் போகும் வழியில் எங்கோ கிடக்கிறது.

குழி போகும். நல்ல வெயிலில் படகை எந்தச் சுமையும் இல்லாமல் மல்லாத்தி வைத்தாலே பாதி எழும்பும். மீதிக்கு, சூடான தண்ணீரைத் துணியில் நனைத்துக் குழி மேல் போட்டு உள்பக்கமிருந்து தள்ளுங்கள். கை எட்டாத இடம் என்றால் பொறுமைதான். குழி விழ வைத்ததும் அதே வெயில்தான். பார்க்கிங்கில் மூன்று மணி நேரம் இறுக்கமாகக் கட்டியே நிறுத்தினால் பார் இருக்கும் இடத்தில் பள்ளம் விழும். சாப்பிடப் போகும்போது ஒரு பிடி தளர்த்திவிட்டுப் போங்கள். திரும்பி வந்து இறுக்க மறக்காதீர்கள். மறப்பவர் என்றால் தளர்த்தியதும் கார்ச் சாவியில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள், நான் அப்படித்தான்.

#19 பழைய இரும்பு · புதன், இரவு 9.40

பெல்ட்டின் மிச்ச முனையைக் கதவுக்குள் வைத்து மூடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மழை வந்தால் பெல்ட் வழியாகத் தண்ணீர் ஒழுகி சீட்டில் சொட்டும். திரி போட்ட விளக்கு மாதிரி. முனையைப் பாரிலேயே சுற்றி முடி போடவும். பறக்க விட்டால் பெயிண்ட் போகும்.

#20 உப்பங்கழி · இரண்டாவது ஞாயிறு, இரவு 10.40

பிச்சாவரத்துக்கு முன் ஒத்திகையாக இன்று மறுபடி பழவேற்காடு போய் வந்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குக் கட்ட ஆரம்பித்து ஆறேகாலுக்கு முடித்தேன். பெல்ட்டை முதலில் காலுக்கு வெளிப்பக்கம் விட்டுவிட்டேன். மூக்கைப் பிடித்து ஆட்டியபோது படகு மட்டும் இரண்டு விரல் நகர்ந்தது. அவிழ்த்து உள்பக்கம் விட்டுக் கட்டியதும் கார் ஆடியது. எதிர் வீட்டு மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

பொனட் கண்ணிக்குப் பழைய சீட் பெல்ட் துணிதான். ஃபென்டர் போல்ட் இரண்டும் எளிதாக வந்தன. பின்னால் டூல் பையில் கிடந்த இழுவைக் கண்ணித் திருகைப் பம்பர் மூடியைக் கழற்றி மாட்டினேன். வழக்கத்துக்கு மாறாக இடது பக்கம் திருகினால்தான் இறுகுகிறது, பத்து நிமிடம் அதில் போயிற்று. முன்னும் பின்னும் லாரிக்காரர் இழுப்பு. பழைய இரும்பு அண்ணே, நாலாவது முயற்சியில் வந்துவிட்டது.

முதல் பத்து நிமிடத்தில் நிறுத்தித் தொட்டுப் பார்த்தேன். முன் பெல்ட் ஒரு அங்குலம் தளர்ந்திருந்தது. ஃபோம் அமுங்கியதால் என்று நினைக்கிறேன். மறுபடி இழுத்தேன், பொன்னேரியில் பார்த்தபோது அப்படியே இருந்தது. அறுபதைத் தாண்டியதும் கூரையில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், ஊரே கேட்கும்படி. பயந்து நிறுத்தினேன். பெல்ட் தட்டையாக நின்று காற்றில் அதிர்கிறது.

#21 துடுப்புக்காரன் · ஞாயிறு, இரவு 10.52

படகுக்கும் பாருக்கும் நடுவில் பெல்ட் காற்றில் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு முறுக்கு கொடுங்கள். அடங்கிவிடும்.

#22 உப்பங்கழி · ஞாயிறு, இரவு 11.05

அதைத்தான் பழவேற்காட்டில் ஒரு மீனவப் பெரியவர் செய்தார். பத்து நிமிடமாக நான் கட்டுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் சொல்லாமல் வந்து பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் போனார். திரும்பும்போது சத்தம் இல்லை. பாரிலிருந்து மெல்லிய விசில் மட்டும் வருகிறது, அதோடு வாழ்ந்துவிடலாம்.

வடித்த தண்ணீர் ஒரு பக்கெட்டில் பாதி.

அதே வேகத்தடையில் இன்று பதினைந்தில் ஏறினேன். மேலே ஒரு சத்தம் கிடையாது. ரெயில் போன இடத்தில் வண்டிக்காரன் அண்ணன் ஒட்டிய கறுப்பு டேப் மட்டும் படபடத்தது.

#23 ஸ்கார்பரோ தமிழன் · திங்கள், காலை 6.10

நல்லது தம்பி. பிச்சாவரம் தூரப் பயணம், பெட்ரோல் போட நிறுத்தும் போதெல்லாம் ஒருக்கா தொட்டுப் பாருங்கள். மச்சான் படகு என்ன ஆயிற்று?

#24 உப்பங்கழி · திங்கள், காலை 7.20

மச்சான் குட்டி யானையில் வந்தார். படகைச் சாய்த்துப் போட்டு டிரைவர் ஒரே கயிற்றில் இரண்டு நிமிடத்தில் கட்டினாராம். எங்களுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே ஏரிக்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஈசிஆர் காற்று, வாடகை எவ்வளவு என்று கேட்டேன். மச்சான் சொல்ல மாட்டேன் என்கிறார்.